வலது காதுத் தோடு

சங்கவி மூன்று வருடம் தோற்றாள். கைராசி இல்லாமல் தோற்கவில்லை. திட்டம் போட்டு, பார்க்கிறவர்கள் ஐயோ பாவம் என்று உச்சுக் கொட்டும்படியாகத் தோற்றாள். கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் கொழும்பிலும் எந்தப் போக்கர் மேசையில் அவள் போய் உட்கார்ந்தாலும், எதிரில் இருப்பவர்கள் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். கையில் சரியான சீட்டு இல்லாமல் அவள் பந்தயத்தை ஏற்றினால், அதாவது வெறுங்கையோடு மிரட்டினால், அவளுடைய வலது கை மெதுவாக மேலே போய் வலது காதுத் தோட்டை அரைச் சுற்று திருகும். நல்ல சீட்டு இருந்தால் கை அந்தப் பக்கமே போகாது; தண்ணீர் பாட்டிலைத் திறந்து நிதானமாக ஒரு வாய் குடிப்பாள். ஆறே மாதத்தில் இது ஆடுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. "அக்கா தோட்டத் தொட்டாச்சு, விடாதீங்க" என்று முகத்துக்கு நேராகவே கேலி பேசினார்கள். அவளும் வெட்கப்பட்டுச் சிரித்தாள். அந்த வெட்கமும் திட்டத்தில் சேர்த்திதான்.

உண்மையில் அவள் ஏமாற்ற நினைத்தது அந்த மனிதர்களை அல்ல, அவர்கள் போட்டிருந்த மூக்குக்கண்ணாடியை.

அந்தக் கண்ணாடிக்குள் இருந்த தராசு என்கிற சங்கதியைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். மனிதர்கள் எல்லோரும் ஒரே மாதிரிப் பொய் சொல்வதில்லை. ஒருவனுக்கு வியர்க்கும், இன்னொருவனுக்கு வாய் நிறையப் பேச்சு வரும். பொய்யைக் கண்டுபிடிக்க முன்னால் வந்த கருவிகள் இதைப் புரிந்துகொள்ளாமல் ஊர் சிரிக்கும்படி ஆயின. தராசு அப்படியல்ல. கடை வாசல் கேமரா, கைப்பேசி, பஸ் டிக்கெட் எந்திரம் என்று போகிற இடமெல்லாம் ஒரு ஆளை மூன்று வருடம் பார்த்து, அவருக்கென்று தனியாக ஒரு சாயலைத் தயாரித்து வைத்துக்கொள்ளும். அதன் பிறகு அவர் வாயைத் திறந்தால், எதிரில் இருப்பவரின் கண்ணாடி ஓரத்தில் உண்மையென்றால் பச்சை எரியும், பொய்யென்றால் சிவப்பு எரியும். வங்கியில் அதுதான், போலீஸ் ஸ்டேஷனில் அதுதான். பெண் பார்க்கப் போகிறவர்கள் ஜாதகத்தை மறந்தாலும் கண்ணாடியை மறப்பதில்லை. சீட்டாட்டக் கிளப்புகள் இரண்டு வருடம் தடை போட்டுப் பார்த்துவிட்டு, எல்லோரும் போட்டுக்கொண்டால் யாருக்கும் அநியாயமில்லை என்று விட்டுவிட்டன.

ஆட்டம் செத்துப்போயிற்று என்று பழைய ஆட்டக்காரர்கள் எழுந்து போனார்கள். சங்கவி மட்டும் உட்கார்ந்து யோசித்தாள். கற்றுக்கொள்கிற எதற்கும் தப்பாகவும் கற்றுக்கொடுக்கலாம்.

ஆனால் சீட்டு மேசையில் மட்டும் தோட்டைத் திருகினால் நடிப்பு என்று தராசு கண்டுபிடித்துவிடும். ஆகவே வீட்டிலும் திருக வேண்டியிருந்தது; அதற்காகவே பொய் சொல்ல வேண்டியிருந்தது. பட்டினியாக இருந்துகொண்டு சாப்பிட்டாச்சு என்றாள், கை தோட்டுக்குப் போயிற்று. தலைவலியோடு அம்மாவிடம் போனில் நல்லாயிருக்கேன் என்றாள், கை தோட்டுக்குப் போயிற்று. கை மட்டும் போனால் போதாது, நெஞ்சும் கூடவே படபடக்க வேண்டும். அதையும் பழக்கினாள். கடைசியில், நெஞ்சு படபடத்தாலே கை தானாக எழும்பிவிடும் என்கிற நிலைமைக்கு வந்து சேர்ந்தாள்.

இதைக் கணவன் கோகுலிடம் அவள் சொல்லவில்லை. நம்பிக்கை இல்லாமல் அல்ல. அவனுக்குத் தெரிந்தால் அவன் முகத்துக்குத் தெரியும். அவன் முகத்துக்குத் தெரிந்தால் தராசுக்குத் தெரியும். கோயம்புத்தூரில் கணபதிப் பக்கம் மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிற பட்டறை வைத்திருந்தான் அவன். கண்ணாடி வாங்கவே இல்லை. "பேரிங் போச்சா, காயில் எரிஞ்சுதான்னு ஓடவிட்டுக் கேட்டாத் தெரிஞ்சுபோகுது. பொண்டாட்டியத் தெரிஞ்சுக்கறதுக்குக் கண்ணாடி வேற போடணுமாக்கும்" என்பான்.

கொழும்பில் நடந்த ஆசியப் போட்டியில், நல்ல சீட்டுகளை மட்டும் நம்பி முன்னேறி வந்த இறுதி ஆட்டத்தில், கையில் இரண்டு ராஜாக்களும் மேசையில் இன்னொரு ராஜாவும் இருக்கும்போது, சங்கவி பந்தயத்தை ஏற்றிவிட்டுத் தோட்டைத் திருகினாள். எதிரே இருந்த மணிலாக்காரர் ரமோனின் கண்ணாடியில் சிவப்பு எரிந்தது. அவர் பரிதாபமாக ஒரு புன்னகை புரிந்து, தன்னிடம் இருந்த அத்தனை பந்தய வில்லைகளையும் நடுவில் தள்ளினார். சங்கவி சீட்டுகளைத் திருப்பிப் போட்டாள். கூடமே எழுந்து நின்றது. மூன்று வருடத் தோல்வியை ஒரே ஆட்டத்தில் வசூல் செய்துவிட்டு, கோப்பையோடு விமானம் ஏறினாள்.

விமான நிலையத்தில் அழைத்துப் போக வந்த கோகுலின் கால் வீங்கி, செருப்பு வார் பதிந்து கிடந்தது.

இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டன என்றார்கள் டாக்டர்கள். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அதையும் அவன் இதயம் அதிக நாள் தாங்காது, நான்கு மாதத்துக்குள் மாற்றிவிட வேண்டும் என்றார்கள். அவன் தங்கை ஷர்மிளா பொள்ளாச்சியிலிருந்து ஓடிவந்தாள், அவளுடையது பொருந்தவில்லை. சங்கவியுடையது பொருந்தியது. பொருந்துகிறது என்ற அறிக்கைத் தாளைக் கையில் வாங்கியபோது கொழும்பில் ஜெயித்ததெல்லாம் அவளுக்கு ஒரு ஜெயிப்பாகவே படவில்லை. கொடுப்பவர் மனசாரத்தான் கொடுக்கிறாரா என்று பார்க்கிற சம்மதக் குழுவின் முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்வது ஒன்றுதான் பாக்கி.

குழு ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கூடியது. மூன்று பேர், பேசியது டாக்டர் ஜமீலா மட்டும். கொடுப்பவரின் பேச்சை நோயாளியும் கேட்க வேண்டும், ஆனால் முகத்தைப் பார்க்கக் கூடாது என்பது விதி. ஆகவே பக்கத்து அறையில் ஒரு ஸ்பீக்கருக்கு எதிரில் கோகுல் உட்கார்ந்திருந்தான்.

"காப்பி குடிச்சீங்களா?"

"ஆச்சுங்க டாக்டர்."

"யாராச்சும் கட்டாயப்படுத்துனாங்களா?"

"இல்லீங்க."

"உங்க வீட்டுக்காரருக்கு உங்க கிட்னிய மனசார, முழுச் சம்மதத்தோட தர்றீங்களா?"

இதற்காகத்தான் வந்திருந்தாள். இந்த ஒரு வார்த்தையில்தான் அவன் உயிர் இருக்கிறது என்று நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் நெஞ்சு படபடத்தது.

"ஆமாங்க. மனசாரத் தர்றேன்."

சொல்லி முடித்த பிறகுதான் விரல்களைக் கவனித்தாள். தோடு அரைச் சுற்று திரும்பியிருந்தது.

டாக்டர் ஜமீலா தன் கண்ணாடி ஓரத்தைப் பார்த்தார். மற்ற இருவரும் பார்த்தார்கள். "பக்கத்து ரூம் ஸ்பீக்கர ஆஃப் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு, நாற்காலியை நகர்த்திச் சங்கவிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சங்கவி, இனி நாம பேசுறது வெளிய போகாது. இந்த மேசைல முப்பத்தொரு பொம்பளைங்க 'மனசாரத் தர்றேன்'னு சொல்லி, சிவப்பு எரிஞ்சு, நான் வீட்டுக்கு அனுப்பியிருக்கேன். மாமியார் மிரட்டிக் கூட்டிட்டு வந்தவங்க, அண்ணன்கிட்ட அடி வாங்கிட்டு வந்தவங்க. இல்லைன்னு சொல்ற தைரியம் அவங்களுக்கு இல்ல. அவங்களுக்காக இது சொல்லுச்சு. உங்களுக்கும் அப்படியே பண்ணிடலாம். கடைசி டெஸ்டுல பொருந்தலைன்னு நான் எழுதிடுறேன். வீட்டுல யாரும் உங்கள ஒரு வார்த்தை சொல்ல முடியாது."

"ஐயோ வேண்டாங்க டாக்டர்! நான் நெசமாத்தான் சொல்றேன்."

கை மறுபடியும் காதில் இருந்தது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு அவளுடைய இடது கையை ஆதரவாகப் பிடித்துக்கொண்டார். கோபப்படக்கூடச் சங்கவிக்கு ஆள் கிடைக்கவில்லை. அந்த முப்பத்தொரு பேரில் ஒருத்தியாக இருந்திருந்தால் இந்த அம்மாள் காலில் அவளே விழுந்திருப்பாள்.

"டாக்டர், ஒருத்தரோட சாயலே தப்பா இருந்தா என்னங்க பண்ணுவாங்க?"

"தானா தப்பாகாது. யாராவது வேணும்னே கெடுத்திருந்தாதான். அப்படி ஒத்துக்கிட்டா பழசை அழிச்சுட்டுப் புதுசா எடுப்பாங்க. மூணு வருஷம் ஆகும். அதுவரைக்கும் அவங்க கையெழுத்து எங்கயும் செல்லாது. ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதாங்க." இதற்கும் கை போயிற்று. இந்தத் தடவை தராசு சொன்னது சரி.

பதினைந்து நாள் கழித்து இன்னொரு தடவை கேட்பார்கள். அதிலும் சிவப்பு என்றால் அந்த இருவருக்குள் கொடுக்கல் வாங்கல் எந்நாளும் கிடையாது.

அன்று மத்தியானம் சமையலறையில் ஷர்மிளா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட ஆசிரியை, கண்ணாடியைக் கழற்றுகிற வழக்கமே இல்லை.

"மறுபடியும் எதுக்குங்க அண்ணி வரச் சொன்னாங்க?"

"ஏதோ ஒரு கையெழுத்து விட்டுப்போச்சாம்."

ஷர்மிளாவின் கத்தி நின்றது. "அண்ணனுக்குத் தர்றதுல உங்களுக்கு இஷ்டந்தானுங்களே?"

"இதென்ன கேள்வி? இஷ்டந்தான்."

ஷர்மிளா கண்ணாடியைக் கழற்றி, துப்பட்டாவில் நன்றாகத் துடைத்து மாட்டிக்கொண்டாள். "இன்னொருக்காச் சொல்லுங்க."

"இஷ்டந்தான் ஷர்மி."

பாவம், அந்தப் பெண் வெண்டைக்காய்த் தட்டைத் தள்ளி வைத்தாள். "இஷ்டமில்லீன்னா இப்பவே சொல்லிப்போடுங்க அண்ணி. சத்தியமா உங்களத் தப்பா நெனைக்க மாட்டேன். ஆனா ஆசை காட்டி என்ற அண்ணன மோசம் பண்ணிப்போடாதீங்க."

சங்கவி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். என்ன சொன்னாலும் ஒரே நிறம்தான்.

அன்றிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு நிலைக்கண்ணாடி முன்னால் நின்று, தன்னுடைய மூக்குக்கண்ணாடியையே போட்டுக்கொண்டு, தன்னைப் பார்த்துத் தானே சொல்லிப் பழகினாள். "மனசாரத் தர்றேன்." சிவப்பு. கையைப் புடவைத் தலைப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டு சொன்னாள். சிவப்பு. மூச்சைப் பிடித்துக்கொண்டு, பாட்டு முணுமுணுத்துவிட்டு, இருபதிலிருந்து பின்னோக்கி எண்ணிவிட்டுச் சொன்னாள். கை எழவில்லை, ஆனாலும் அடக்கிய கை அடக்கிய கைதான் என்று தராசுக்குத் தெரிந்தது. மூன்று வருடம் ஊட்டி வளர்த்த பிள்ளை, அம்மா சொல்லிக்கொடுத்ததை மறக்குமா?

பச்சை எப்போது எரியும் என்று யோசித்துப் பார்த்தாள். நல்ல சீட்டு வந்த ஆட்டங்களில். தண்ணீர் குடிக்கிற அந்த நேரத்தில் நெஞ்சில் என்ன இருந்தது? சந்தோஷம் இல்லை. அந்தச் சின்ன ஜெயிப்புகள் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. வந்தால் சரி, போனால் சரி என்று ஒரு நிம்மதி. அந்த நிம்மதியோடு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அதாவது கோகுல் பிழைத்தாலும் சரி, பிழைக்காவிட்டாலும் சரி என்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு அவனைப் பிழைக்கவைக்க வேண்டும்.

அப்படி ஓர் இடம் தன்னிடம் இல்லை என்றுதான் பத்து நாள் நம்பினாள்.

பன்னிரண்டாம் நாள், வேறு வழி தெரியாமல், அவனைச் சாகவைத்தாள். மனசுக்குள்தான். பாடையில் எடுத்துக்கொண்டு போனதிலிருந்து தொடங்கவில்லை, அதற்கு ஒரு வருடம் தள்ளித் தொடங்கினாள். பட்டறையை யாரோ வாங்கிவிட்டார்கள். வார்னிஷ் வாடை வீட்டில் இல்லை. காலையில் ஒரே ஒரு டம்ளர் காப்பி. கட்டிலில் குறுக்கே காலை நீட்டலாம். கோகுலுக்கு மார்கழியிலும் ஃபேன் ஐந்தில் ஓட வேண்டும். பதினேழு வருடம் போர்வைக்குள் குறுகிப் படுத்தவள் அவள். அந்த நினைப்பிலேயே எழுந்து போய் ஃபேனை இரண்டில் வைத்தாள். வைத்துவிட்டு வந்து படுத்தாள்.

நிம்மதியாக இருந்தது. தண்ணீர் குடிக்கிற நிம்மதி.

"மனசாரத் தர்றேன்" என்றாள். பச்சை.

கண்ணாடியைக் கழற்றிக் கட்டில்மேல் எறிந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள். நடித்துப் பெற்ற நிம்மதியாக இருந்திருந்தால் அவ்வளவு அழுதிருக்க மாட்டாள். அது அங்கே ஏற்கெனவே இருந்தது. அவள் போய்க் கதவைத் திறந்தாள், அவ்வளவுதான்.

இரண்டாவது விசாரணை பத்து நிமிடம்கூட நீடிக்கவில்லை. சங்கவி மனசுக்குள் ஃபேனை இரண்டில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். கை மடியில் கிடந்தது. மூன்று கண்ணாடிகளிலும் பச்சை எரிந்தது. டாக்டர் ஜமீலா எழுந்து வந்து கட்டிக்கொண்டு, "அன்னைக்குப் பயந்துட்டீங்க போல. நானும் உங்களச் சந்தேகப்பட்டுட்டேம்மா, மன்னிச்சுக்கங்க" என்றார். வெளியே செய்தி கேட்டு ஷர்மிளா அவள் தோளில் சாய்ந்து விம்மினாள். எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். பக்கத்து அறையிலிருந்து வந்த கோகுல் மட்டும் யாரையும் பார்க்காமல் கார் வரை மெதுவாக நடந்தான்.

வாங்கிக்கொள்கிறவனும் கையெழுத்துப் போட வேண்டும். மறுநாள் மத்தியானம் டயாலிசிஸ் அறையில், ஒரு கையில் குழாய்கள் ஓட, இன்னொரு கையில் பேனாவை வைத்துக்கொண்டு, அவன் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். எந்திரம் ஒரே சீராக உறுமிக்கொண்டிருந்தது. ஷர்மிளா மாத்திரை வாங்கக் கீழே போயிருந்தாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றான்.

"கேளுங்க."

"நேத்து அந்த ரூம்ல, என்னையச் சாகடிச்சுப்போட்டுத்தானே பேசுன?"

சங்கவி வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். மேசையில் எத்தனையோ பேரின் ரகசியத்தை அவள் உரித்திருக்கிறாள். அவளை யாரும் உரித்ததில்லை.

"மொதத் தடவ நீ நெசத்தச் சொன்ன" என்றான் கோகுல். "உனக்குச் செவப்பு எரியுதுன்னு ஷர்மி சொன்னா. நான் நம்பல. நேத்து நீ பேசறப்ப நம்ம வீட்டுல நான் இல்லவே இல்ல. பச்சைன்னாங்க."

"நீங்க… தோட்ட வெச்சுப் பாக்கலீங்களா?"

"தோடா?" சிரித்தான், சிரித்ததில் மூச்சு வாங்கிற்று. "அது ரெண்டு மூணு வருசமா நீ பண்ற கோணங்கித்தனம். மோர் புளிச்சுதா இல்லையாங்கறதுக்கெல்லாம் எவளாச்சும் தோடு திருகுவாளா?"

"தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேக்கலியேங்க."

"நீ சொல்லல. ஏதோ வேலையாத்தான் பண்றேன்னு இருந்துட்டேன்." தாளைப் போர்வைமேல் வைத்தான். "பரவால்ல கண்ணு. நானும் ஒரு மாசமா அதையேதான் பண்ணிப் பாக்கறேன். நான் இல்லாத வீட்ட நெனச்சு நெனச்சுப் பாக்கறேன். எனக்கு நிம்மதி வரவே மாட்டேங்குது. உனக்கு வந்துச்சா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நல்ல மனைவிகள் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். அந்தப் பொய்யைச் சொல்ல அவளுக்கு அலுத்துவிட்டது.

"வந்துச்சுங்க" என்றாள். கண்ணீர் கொட்டிற்று. "ஃபேன ரெண்டுல வெச்சேன். நல்லா இருந்துச்சுங்க."

"அடிப்பாவி!" என்றான். பிறகு, "அஞ்சுல வெச்சா உனக்குக் குளிருமாக்கும்?" என்று கேட்டான்.

"பதினேழு வருசமாக் குளுருதுங்க."

"சொல்லியிருக்கலாமே புள்ள."

"நீங்களும் கால் வீங்குனத எனக்குச் சொல்லலியே."

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். ஒரு நர்ஸ் வந்து குழாயைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"இப்பக் கேக்கறேன்" என்றான் கோகுல். "டாக்டருமில்ல, கண்ணாடியுமில்ல. பயம், வெறுப்பு, குளுரு எல்லாம் இருக்கட்டும். எனக்குத் தர்றியா?"

"தர்றேன்."

நெஞ்சு தறிகெட்டு அடித்தது. கை எழும்பிக் காதுக்குப் போயிற்று. அவள் அதைத் தடுக்கவில்லை. ஊரில் உள்ள எந்தக் கண்ணாடிக்கும் அது சிவப்புத்தான். கோகுல் தலையைத் தாழ்த்தித் தாளைப் பார்த்தபடியே இருந்தான். பிறகு கையெழுத்துப் போட்டான்.

"எத வெச்சுத் தெரிஞ்சுக்கறீங்க? சொல்லுங்களேன்."

"சொல்ல மாட்டேன். சொன்னா அதையுந் திருத்திப்போடுவ."

அறுவைச் சிகிச்சை செவ்வாய்க்கிழமை காலை. நகையெல்லாம் கழற்றச் சொன்னார்கள். சங்கவி தோடுகளைக் கழற்றிக் கொடுக்க, ஷர்மிளா அவற்றை ஒரு காகிதத்தில் மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். இரண்டு தள்ளுகட்டில்களையும் தாழ்வாரத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். ஃபேன் கிடையாது, ஏசி மட்டும். நல்ல குளிர்.

"பயமா இருக்குதா?" என்று அந்தக் கட்டிலிலிருந்து கோகுல் கேட்டான்.

"இல்லீங்க."

கை எழும்பிப் போயிற்று. தோடு இல்லாத காதில் ஒரு சின்ன ஓட்டை மட்டும் விரலுக்குத் தட்டுப்பட்டது. ஷர்மிளா தன் கண்ணாடி ஓரத்தைப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள். சங்கவிக்கு அவளைப் பற்றிக் கவலை இல்லை. அவளுக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். எதிராளியின் கண் எங்கே போகிறது என்று பார்த்தே பிழைத்தவள் அவள். இந்த மனிதன் தன்னிடம் எதைப் பார்க்கிறான் என்று இந்தத் தடவையாவது பிடித்துவிட வேண்டும். சட்டென்று கழுத்தைத் திருப்பி அவன் கண்ணைப் பார்த்தாள்.

அவன் கண்ணை மூடிப் படுத்திருந்தான்.

"எனக்கும் பயந்தான் கண்ணு" என்றான்.